பெரியப்பா சொல்லும் எம்.எஸ். வேண்டாம்

அம்மா, உங்கள் மகள் பி.எஸ்சி. உளவியல் கடைசி வருடம், ஏ.ஐ. சொல்வதை வைத்து மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று பி.எச்டி. செய்ய ஆசைப்படுகிறாள். பெரியப்பாவோ தண்டையார்பேட்டை வீட்டை அடமானம் வைத்து வெளிநாட்டில் எம்.எஸ். ஏ.ஐ. படிக்கச் சொல்கிறார். உளவியலில் போனால் வருமானம் இருக்குமா என்ற உங்கள் பயம் நியாயம்தான். ஆனால் பெரியப்பா சொல்வது தப்பு.

40 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 10 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 55,000 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி அதன் மேல் ஏறும். வேலை கிடைக்கவில்லை என்று வங்கி காத்திருக்காது. மனம் ஒட்டாத படிப்புக்காக வீட்டைப் பணயம் வைக்கக் கூடாது.

எம்.பி.ஏ., வங்கித் தேர்வெல்லாம் உங்களுக்கே தெரியும். யாரும் சொல்லாத வழி இது: எம்.எஸ்சி. உளவியல் சேர்ந்து, கடைசி வருடத்திலேயே யு.ஜி.சி. நெட் எழுதலாம்; கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் நடக்கும் தேசியத் தேர்வு அது. ஜூன், டிசம்பர் என இரு தடவை. 150 கேள்வி, 300 மதிப்பெண், தவறுக்குக் கழிவில்லை. அதில் அதிக மதிப்பெண் வாங்குவோருக்குத் தரும் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்து பி.எச்டி. சேர்ந்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000. விடுதி கிடைக்காவிட்டால் வாடகைப் படியும் உண்டு. வெறும் நெட் தேர்ச்சிக்கு இந்தப் பணம் வராது; பலர் ஏமாறுவது இங்கேதான். பணம் சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாகும், மூன்று மாதச் செலவு கையில் இருக்கட்டும். வயதாகிவிடும் என்பார்கள், ஜே.ஆர்.எஃப்.புக்குப் பெண்களுக்கு 35 வரை இடமுண்டு.

ஆசை உண்மையா என்று முதலில் ஒரு சின்னச் சோதனை வைத்துப் பாருங்கள். காசிமேடு மீன் சந்தையில் மீன் செவுள் படம் 20 எடுக்கட்டும். எது அன்று பிடித்தது, எது ஐஸில் கிடந்தது என்று விற்பவரிடமே குறித்துக்கொள்ளட்டும். தெருவில் 40 பேரிடம், சம்மதம் வாங்கி, படங்களைக் காட்டி, 'அன்று பிடித்ததா, ஐஸில் கிடந்ததா' என்று முதலில் அவரவர் பதில், பிறகு ஒரு யோசனை, பிறகு இறுதிப் பதில் கேட்கட்டும். பாதிப் பேருக்கு 'ஏ.ஐ. சொல்கிறது', மீதிப் பேருக்கு 'மீன்காரர் சொல்கிறார்' என்று, யோசனை ஒன்றேதான். 20 யோசனைகளில் ஐந்து வேண்டுமென்றே தப்பு. சரியான பதிலை விட்டுத் தப்புக்கு மாறியவர்கள் எந்தப் பக்கம் அதிகம்? யோசனையை முதலிலேயே காட்டினால் சோதனை வீண். யார் எதிலிருந்து மாறினார் என்றே தெரியாது. ஐந்து தப்பையும் ஆரம்பத்திலேயே வைத்தாலும் கெடும். கணினிக் கணிப்பு முறை தவறுவதைக் கண்டால், அது மனிதரைவிட மேல் என்று தெரிந்தும் மக்கள் கைவிடுவதை டீட்வோர்ஸ்ட், சிமன்ஸ், மாஸி என்ற மூன்று ஆய்வாளர்கள் 2015இல் காட்டியிருக்கிறார்கள். முடிந்ததும் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

இந்தச் சோதனைக் கணக்கோடு இரண்டு நாள் உட்கார முடியாமல் சலித்தால் பி.எச்டி.யே வேண்டாம், கட்டாயப்படுத்தாதீர்கள். உட்கார்ந்தால் இன்றே புள்ளியியலும் அதற்கான 'ஆர்' (R) மென்பொருளும் தொடங்கட்டும், மென்பொருள் இலவசம். உளவியல் பிள்ளைகள் நேர்முகத்தில் தடுமாறுவது பெரும்பாலும் புள்ளியியலில்தான். ஐ.ஐ.டி. கான்பூர், ஐ.ஐ.டி. காந்திநகர், ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் மூன்றிலும், மனம் எப்படிச் சிந்திக்கிறது என்று ஆராயும் அறிதல் அறிவியலில் பி.எச்டி. உண்டு. விண்ணப்பிக்கும் முன் அங்குள்ள பேராசிரியர்களின் கட்டுரைகளைப் படித்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.