பதினாறரையை விட்டால் எது? ஃபைன்ஸ்கேல் கேஜ் கேள்வி-பதில்

மாடல் ரயிலில் கேஜையும் (இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள தூரம்) சக்கரத்தையும் அசலுக்கு நெருக்கமாக வைப்பதுதான் ஃபைன்ஸ்கேல். அது பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் 4 மி.மீ ஸ்கேல்காரர்களுடையவை, அதாவது அசலின் ஓரடியை 4 மி.மீ-ஆகச் சுருக்குகிறவர்களுடையவை. அது இயல்புதான். கேஜ் பொருந்தாத தொல்லை அந்த ஸ்கேலில்தான் கண்ணில் அதிகம் படுகிறது. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கே: ஓஓ கேஜில் (16.5 மி.மீ) பத்து வருடமாக ஓட்டுகிறேன். எஞ்சினை முன்பக்கமிருந்து பார்த்தால் தண்டவாளம் ஒடுங்கித் தெரிகிறது. ஈஎம்முக்குப் போகலாமா, நேராக பி4-க்கே போய்விடலாமா?

உங்கள் கண் சரியாகத்தான் பார்க்கிறது. 4 மி.மீ ஸ்கேல் என்பது 1:76.2. அதில் 16.5 மி.மீ பாதையைப் பெருக்கினால் 1257 மி.மீ வரும். உண்மையான ஸ்டாண்டர்ட் கேஜ் 1435. சுமார் 178 மி.மீ, அதாவது 7 அங்குலம் குறைகிறது. பிரிட்டிஷ் எஞ்சின்கள் உருவத்தில் சிறியவை. அன்றைய மோட்டாரை உள்ளே அடக்க வேண்டி, 3.5 மி.மீ ஸ்கேலுக்குரிய பாதையை அப்படியே வைத்துக்கொண்டு மேல்கூட்டை மட்டும் 4 மி.மீ-க்குப் பெரிதாக்கினார்கள். அந்தச் சமரசம் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஈஎம் முதலில் 18 மி.மீ-ஆக இருந்தது, பின்னர் 18.2 ஆனது. பி4 என்பது கணக்குப்படியே 18.83. இரண்டுக்கும் இடைவெளி 0.63 மி.மீ. இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கா இத்தனை சண்டை என்று கேட்பீர்கள். தண்டவாள இடைவெளியை மட்டும் பார்த்தால் சண்டைக்கு அவசியமே இல்லை. மூன்றடி தள்ளி நின்றால் 18.2-க்கும் 18.83-க்கும் வித்தியாசம் சொல்லக்கூடியவர் அபூர்வம்.

உண்மையான வித்தியாசம் சக்கரத்தில் இருக்கிறது. பாதை பிரியும் அமைப்பு பாயின்ட்; அதில் ஒரு தண்டவாளம் மற்றொன்றைக் குறுக்கிடும் இடம் கிராசிங். சக்கரத்தின் உள்விளிம்பான பிளாஞ்ச் புகுந்துபோக அங்கே விடும் சந்துதான் பிளாஞ்ச் இடைவெளி. ஈஎம்மில் அது 1 மி.மீ. பி4-இல் 0.68. ரெடிமேட் ஓஓ சக்கரத்தின் அகலம் பெரும்பாலும் 2.8 மி.மீ, பிளாஞ்ச் ஆழம் 0.64 வரை. பி4 சக்கரம் 2 மி.மீ அகலம்தான், பிளாஞ்ச் ஆழம் 0.4-ஐத் தொடாது. ஆக, ஈஎம்முக்குப் போகிறவர் பாதையை மாற்றுகிறார், பல இடங்களில் பழைய சக்கரத்தையே தள்ளிவைத்து ஓட்டிக்கொள்கிறார். பி4-க்குப் போகிறவர் பாதை, சக்கரம், சேசிஸ் (எஞ்சினின் அடிச்சட்டம்) மூன்றையும் மாற்றுகிறார்.

என் கருத்து: அலமாரி நிறைய ரெடிமேட் எஞ்சின் இருந்து, அவற்றை ஓட்டிப் பார்ப்பதுதான் சந்தோஷம் என்றால் ஈஎம். ஒரு சேசிஸோடு ஒரு மழைக்காலத்தையே கழிக்க அலுக்காதவர் என்றால் பி4. ஈஎம்மைப் படிக்கட்டாக வைத்து பி4-க்குப் போகலாம் என்ற யோசனையை நான் ஆதரிப்பதில்லை. செய்த பாயின்ட் எல்லாவற்றையும் இரண்டாம் முறை பிடுங்க வேண்டிவரும்.

கே: எல்லா எஞ்சினையும் மாற்ற எனக்குத் தெம்பில்லை. பாதை மட்டும் அழகாக இருந்தால் போதும். வழி உண்டா?

உண்டு, இரண்டு. முதலாவது, 16.5-இலேயே இருந்துகொண்டு ஸ்லீப்பரை (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையை) மாற்றுவது. வழக்கமான ஓஓ பாதையில் கண்ணைக் கெடுப்பது கேஜை விட, நெருக்கியடித்து நிற்கும் குட்டை ஸ்லீப்பர்கள்தான். அசலில் ஸ்லீப்பர் 10 அங்குல அகலம்; 4 மி.மீ-இல் 3.3 மி.மீ. நடுவுக்கு நடு இரண்டரை அடி என்றால் 10 மி.மீ. இந்த அளவில், பழைய பிரிட்டிஷ் பாணி புல்ஹெட் ரயிலோடு (இங்கே ரயில் என்றால் தண்டவாளம்) ஓஓ பாதை இப்போது ரெடிமேடாகவே கிடைக்கிறது. ரயிலின் உயரம் கோட் 75, அதாவது 1.9 மி.மீ. பழைய கோட் 100-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பிறகு கோட் 100-ஐத் திரும்பப் பார்க்கவே மாட்டீர்கள்.

இரண்டாவது, 4-எஸ்எஃப். சிலர் ஓஓ-எஸ்எஃப் என்பார்கள். இதில் கேஜைக் கூட்டாமல் 16.2-ஆகக் குறைக்கிறார்கள்! கேட்டவுடன் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும், கணக்கு அழகானது. ஓஓ பாயின்டில் பிளாஞ்ச் இடைவெளி 1.25 முதல் 1.3 வரை. கேஜில் 0.3-ஐக் கழித்து, பிளாஞ்ச் இடைவெளியிலும் ஏறக்குறைய அதே அளவைக் கழித்து 1 மி.மீ ஆக்கினால், கிராசிங் மூக்கிலிருந்து (இரு தண்டவாளமும் கூடும் கூர்முனை) எதிர்ப்பக்க செக் ரயிலின் (சக்கரத்தின் பின்பக்கத்தைப் பிடித்து வழிநடத்தும் காவல் தண்டவாளம்) வேலை செய்யும் முகம் வரையுள்ள தூரம் முன்பு போலவே 15.2-இல் நிற்கிறது. அதனால் ரெடிமேட் சக்கரங்களைத் தொடாமலேயே ஓட்டலாம். கிராசிங்கில் இடைவெளி குறைந்ததால் சக்கரம் குழியில் விழாமல் வழுக்கிப் போகிறது. பாயின்டை மட்டும் 16.2-இல் கட்டி, மற்ற இடத்தில் சாதாரண 16.5 பாதையைச் சேர்த்துக்கொள்ளலாம். முன்பக்கமிருந்து பார்த்தால் ஒடுக்கம் ஒடுக்கம்தான். அது உறுத்தினால் இந்த வழி உங்களுக்கு ஆகாது.

கே: ஓஓ வேகன்களுக்கு மெல்லிய ஃபைன்ஸ்கேல் சக்கரம் போட்டேன். நேர்ப்பாதையில் அருமை. பாயின்டில் ஒவ்வொரு முறையும் 'டக்'. சில சமயம் தடம் புரள்கிறது. சக்கரம் கோணலா, பாயின்ட் கோணலா?

இரண்டும் கோணலில்லை. ஒன்றுக்கொன்று சேராதவற்றைச் சேர்த்துவிட்டீர்கள்.

கிராசிங்கில் சக்கரம் விங் ரயிலிலிருந்து (மூக்கின் அருகே விலகி வளையும் தண்டவாளம்) மூக்குக்குத் தாவும் இடத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. சக்கரம் விழாமலிருக்க அதன் அகலம் பிளாஞ்ச் இடைவெளியைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். இடைவெளி 1.25 என்றால் 2.5 மி.மீ தேவை. பழைய 2.8 சக்கரம் தாண்டியது. புதியது 2.3 இருக்கும், அதனால் விழுகிறது. அந்த 'டக்' அதுதான்.

தடம் புரள்வதற்குக் காரணம் வேறாக இருக்கலாம். ஒரு வேகனைக் கையால் மெதுவாகப் பாயின்டுக்குள் தள்ளுங்கள். பிளேடு (பாதையை மாற்றும் நகரும் தண்டவாளம்) பக்கமிருந்து கிராசிங்கை நோக்கித் தள்ளும்போது, ஒரு விரலால் வேகனை மூக்குப் பக்கமாக லேசாக அழுத்துங்கள். பிளாஞ்ச் மூக்கில் முட்டினாலோ தவறான பக்கம் போகப் பார்த்தாலோ, பேக்-டு-பேக் (ஒரே ஆக்ஸிலில் உள்ள இரு சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையேயான தூரம்) கூடிவிட்டது அல்லது செக் ரயில் தன் வேலையைச் செய்யவில்லை. பேக்-டு-பேக்கோடு ஒரு பிளாஞ்சின் தடிமனைக் கூட்டினால் வரும் எண், மேலே சொன்ன மூக்கு–செக் ரயில் தூரத்தைத் தாண்டக் கூடாது. மாறாக, சக்கரம் செக் ரயிலுக்கும் விங் ரயிலுக்கும் நடுவே இறுகி மேலே ஏறினால் பேக்-டு-பேக் குறைவு.

செக் ரயிலிலும் விங் ரயிலிலும் 0.25 மி.மீ பிளாஸ்டிக் பட்டையை ஒட்டி இடைவெளியை 1 மி.மீ ஆக்கினால் 'டக்' நின்றுவிடும். ஆனால் 16.5 பாதையில் இப்படிச் செய்தால் செக் ரயில், விங் ரயில் இரு முகங்களுக்கும் இடையே 14.5 ஆகிவிடுகிறது. பேக்-டு-பேக் 14.4-இல் இருக்கும் உங்கள் பழைய எஞ்சின் சக்கரங்கள் அங்கே இறுகும். புதிய சக்கரங்களை 14.8-இல் வைத்தால் அவை சுகமாகப் போகும். ஆக, ஒட்டுவதானால் எல்லாச் சக்கரத்தையும் மாற்றிவிட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் வேகனுக்குப் பழைய சக்கரத்தையே திரும்பப் போடுங்கள். பாதி அப்படி, பாதி இப்படி என்பது மட்டும் வேண்டாம்.

கே: எஞ்சின் சக்கரத்தை ஆக்ஸிலில் வெளியே இழுத்துவிட்டால் ஈஎம் ஆகிவிடாதா?

சிலவற்றில் ஆகும். போகி (எஞ்சினின் அடியில் திரும்பும் சக்கரச் சட்டம்) வைத்த டீசல், மின்சார எஞ்சின்களில் சட்டம் சக்கரத்துக்கு வெளியே இருக்கிறது. உள்ளே இடம் இருந்தால் புதிய சக்கர செட்டைப் போட்டு மூடிவிட வேண்டியதுதான். ஒரு மாலை வேலை. தடித்த ரெடிமேட் சக்கரத்தையே தள்ளுவதானால் பேக்-டு-பேக்கை ஈஎம்மின் வழக்கமான 16.5-க்குப் பதில் 16.4-இல் வையுங்கள். பிளாஞ்ச் தடிமன் கூடுதல் என்பதால் இந்த 0.1 தேவை.

நீராவி எஞ்சின் வேறு கதை. வெளி முகத்துக்கு வெளி முகம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓஓவில் 14.4-உடன் இரண்டு 2.8 சேர்ந்து 20 மி.மீ. ஈஎம்மில் 2.3 அகலச் சக்கரத்தோடு 21.1. பி4-இல் 17.7-உடன் இரண்டு 2 சேர்ந்து 21.7. ஒவ்வொரு பக்கமும் அரை மி.மீ முதல் 0.85 வரை வெளியே வருகிறது. அந்த இடத்தில் ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள்? ஸ்பிளாஷரின் (சக்கரத்தின் மேல்மூடி) உள்சுவர், பிரேக் கட்டை, எல்லாவற்றுக்கும் மேலாக கிராஸ்ஹெட் (பிஸ்டன் தண்டின் முனையில் சறுக்கும் கட்டை). வெளிச் சிலிண்டர் எஞ்சினில் முன் சக்கரத்தின் 'கிராங்க் பின்' (இணைப்புத் தண்டு மாட்டும் முளை) கிராஸ்ஹெட்டின் பின்னால் கடந்துபோக வேண்டும். ஓஓவில் ஒடுக்கம் செய்த ஒரே நன்மை அந்த இடைவெளி. அதைத் திரும்பப் பெற, கிராங்க் பின் நட்டைத் தேய்த்துத் தட்டையாக்குவார்கள், இணைப்புத் தண்டின் பின்புறத்தை அரத்தால் மெலிதாக்குவார்கள். சிலிண்டரைச் சற்று வெளியே தள்ளுகிறவர்களும் உண்டு.

இன்னொன்று: ரெடிமேட் சேசிஸ் ஒல்லியானது. சக்கரம் வெளியே போனதும் ஆக்ஸில் இடமும் வலமுமாக ஆடும். முன், பின் ஆக்ஸில்களில் வாஷர் போட்டு ஆட்டத்தைக் குறையுங்கள், நடு ஆக்ஸிலை வளைவுக்காக விட்டுவிடுங்கள். குவார்ட்டரிங், அதாவது இரு பக்கக் கிராங்குகளுக்கும் இடையே 90 பாகை, எல்லா ஆக்ஸிலிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். சரியாக 90 இல்லாமல் 89 இருந்தாலும் எல்லாம் 89 என்றால் ஓடும். முதல் எஞ்சினுக்கு உள்சிலிண்டர் வைத்த ஆறு சக்கர டேங்க் எஞ்சினைத் தேர்ந்தெடுங்கள்.

கே: பி4-இல் சஸ்பென்ஷன் கட்டாயமா?

சோதித்துப் பார்த்துவிடுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் ஒரு வேகனை வைத்து, ஒரு சக்கரத்தின் அடியில் சாதாரண வெள்ளைத் தாளை நுழையுங்கள். தாள் சுமார் 0.1 மி.மீ. நான்காக மடித்தால் 0.4. இறுக்கமான சட்டம் என்றால் ஏதோ ஒரு சக்கரம் அந்த அளவுக்கு அந்தரத்தில் நிற்கும். பி4 பிளாஞ்ச் 0.38 ஆழம்தான். நான்கு தாள் அளவுக்குப் பாதை முறுக்கியிருந்தால் அந்தச் சக்கரத்தைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. வேகனுக்கு ஒரு ஆக்ஸிலை அசையாமல் வைத்து மற்றொன்றைத் தொட்டில் மாதிரி ஆடவிட்டாலே போதும். எஞ்சினுக்கு பீம் வைத்த காம்பென்சேஷனோ (பாதையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஆக்ஸில்களை ஏறி இறங்கவிடும் அமைப்பு), கம்பி ஸ்பிரிங்கோ. ஸ்பிரிங்கில் ஓட்டம் இன்னும் மென்மை, சரிக்கட்டும் வேலையும் அதிகம். ஈஎம்மில் பாதை ஒழுங்காக இருந்தால் இதெல்லாம் இல்லாமலும் காலம் தள்ளலாம்.

கே: வளைவு எவ்வளவு வைக்கலாம்? அறை சிறியது.

செட் டிராக்கின் (ரெடிமேட் வளைவுத் துண்டுகள்) 438 மி.மீ ஆர வளைவை மறந்துவிடுங்கள். ஈஎம்முக்கு 900 மி.மீ-க்குக் கீழே போகாமலிருப்பது நல்லது. பி4-இல் 1200 என்றால் நிம்மதி. சின்ன டேங்க் எஞ்சின் இதைவிட இறுக்கத்திலும் போகும், பெரிய எஞ்சின் போகாது. சுற்றுப்பாதை ஆசையை விட்டு, ஒரு சுவர் ஓரமாக ஷண்டிங் யார்டு கட்டுங்கள்.

வளைவில் மூன்று கால் கேஜை (பாதை போடும்போது தண்டவாள இடைவெளியைப் பிடிக்கும் கருவி) பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரட்டைக் கால் வெளி ரயிலில் இருக்க வேண்டும். அப்போதுதான் வளைவின் இறுக்கத்துக்கு ஏற்பக் கேஜ் தானாகச் சற்று விரியும். திருப்பி வைத்தால் கேஜ் சுருங்கும், எஞ்சின் மேலே ஏறிக் கீழே இறங்கும்.

கே: நான் 4 மி.மீ இல்லை. எங்களுக்கும் ஏதாவது சொல்லுங்கள்.

ஹெச்ஓ-காரர்களுக்கு (1:87.1) கேஜ் பிரச்சினையே இல்லை. 1435-ஐ 87.1-ஆல் வகுத்தால் 16.48. அங்கே ஃபைன்ஸ்கேல் என்றால் சக்கரமும் பிளாஞ்ச் இடைவெளியும்தான். 1:120-இல் 12 மி.மீ பாதையும் சரி, 1:160-இல் 9 மி.மீ-ம் சரி. பிரிட்டிஷ் 'என்' (N) ஸ்கேல் 1:148, அதற்கு 9 மி.மீ குறைவு. 2 மி.மீ ஃபைன்ஸ்கேலுக்குப் போனால் 1:152, பாதை 9.42. 7 மி.மீ ஸ்கேலில் 32-க்குப் பதில் 33 வைப்பது ஸ்கேல்செவன். வித்தியாசம் மூன்று சதவீதம்தான், பலர் 32-லேயே இருந்துவிடுவதில் எனக்கு ஆச்சரியமில்லை. அமெரிக்க 1:48-இல் மட்டும் தலைகீழ். 32 மி.மீ அங்கே ஐந்தடி ஆகிவிடுகிறது, அதனால் புரோட்டோ:48-காரர்கள் 29.9-க்குக் குறைக்கிறார்கள்.

அகலப்பாதை கேட்டவருக்கு: 4 மி.மீ ஸ்கேலில் 1600 மி.மீ கேஜ் 21 மி.மீ, 1676 கேஜ் 22. ரெடிமேட் பாதை தேடி அலையாமல் ரயிலும் ஸ்லீப்பரும் தனித்தனியே வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். ஃபைன்ஸ்கேல் பழக அதைவிட நல்ல சாக்கு கிடையாது, சமரசம் செய்ய ரெடிமேட் எதுவும் இல்லையே!

கே: எதை முதலில் வாங்க வேண்டும்?

ரோலர் கேஜ் (தண்டவாள இடைவெளியைப் பிடிக்கும் உருளை) இரண்டு, மூன்று கால் கேஜ் ஒன்று, பேக்-டு-பேக் கட்டை ஒன்று. எல்லாம் ஒரே தரத்துக்கு உரியவையாக, முடிந்தால் ஒரே இடத்தில் செய்தவையாக இருக்கட்டும். ஈஎம் கேஜ் சொசைட்டி, ஸ்கேல்ஃபோர் சொசைட்டி போன்ற அமைப்புகள் உறுப்பினர்களுக்கு இவற்றைத் தருகின்றன. ஈஎம்மில் ரெடிமேட் பாதையும் பாயின்டும்கூட உண்டு.

பிறகு பாதை வரையும் டெம்ப்ளாட் மென்பொருளில் பி6 (B6) என்ற அளவில் பாயின்ட் ஒன்றை வரைந்து அச்செடுத்து, அதன் மேல் ஒரே ஒரு பாயின்ட் கட்டுங்கள். இரு பக்கமும் ஒரு முழம் நேர்ப்பாதை போதும். நான்கு சக்கர வேகன் ஒன்றின் சக்கரத்தை மாற்றுங்கள். 4 மி.மீ-இல் வேகன் ஆக்ஸில் கூர்முனையோடு 26 மி.மீ நீளம், எந்தக் கேஜ் ஆனாலும் அதே நீளம்தான். பெரும்பாலும் புதிய செட் அப்படியே உட்கார்ந்துவிடும். பி4 என்றால் சில வேகன்களில் சட்டத்தின் உள்பக்கத்தைச் சுரண்ட வேண்டியிருக்கும். அந்த வேகனை அந்தப் பாயின்டில் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். எஞ்சினைத் திறப்பது அதற்கப்புறம்.