மகளின் நிறுவனம் டெண்டர் போட்டால் வாக்களிக்காமல் இருந்தால் போதுமா?

ஐயா, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நீங்கள் கவுன்சிலராக இருக்கும் மாநகராட்சியின் விழாக்களுக்கு உணவு வழங்க மகளின் நிறுவனம் டெண்டர் போட்டிருப்பதாகவும், வாக்கெடுப்பில் ஒதுங்கிக்கொண்டால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. 2003ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டத்தின் 117ஆம் பிரிவின்படி, டெண்டர்களைப் பரிசீலிக்கும் குழுக்களில் கவுன்சிலர் எவரும் உறுப்பினராக இருக்க முடியாது, பார்வையாளராகக்கூட உட்கார முடியாது. ஆகவே நீங்கள் ஒதுங்குவதற்கான வாக்கெடுப்பே அங்கே இல்லை. அதிகாரிகளிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிப்பதையும் தவிருங்கள். நலம் விசாரித்ததாகச் சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

மகள் போட்டியிடுவதற்கு அந்த உறவு மட்டும் தடையாகாது. ஆனால் 2005ஆம் ஆண்டின் கொள்முதல் விதிகளில் 44ஆவது, அரசுப் பணியில் இருப்பவராகக் கருதப்படும் கவுன்சிலர் ஒருவர் இயக்குநராகவோ மேலாளராகவோ முக்கியப் பங்குதாரராகவோ உள்ள நிறுவனத்துக்கு ஒப்பந்தம் வழங்குவதைத் தடுக்கிறது. தொடக்கத்தில் உதவிக்காக உங்கள் பெயரை நிறுவனப் பதிவில் சேர்த்திருந்தால், என் கவலை அங்கேதான்.

ஒப்பந்தம் கிடைத்தால், அதன் மதிப்பு 2,000 ராண்டைத் தாண்டும்போது, 45ஆவது விதிப்படி அது மாநகராட்சியின் ஆண்டு நிதி அறிக்கையில் வெளியிடப்படும். நெருங்கிய குடும்பத்தினர் பெறும் பலனைக் கவுன்சிலர்களுக்கான நடத்தை விதிகளின்படி நீங்களும் மன்றக் கூட்டத்தில் முழு விவரத்துடன் அறிவிக்க வேண்டும். அதற்குக் காத்திராமல், இப்போதே சபாநாயகருக்கும் நகராட்சி மேலாளருக்கும் எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலை வாங்கி வையுங்கள்.