சிரிக்காத பெண் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வாரம் மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கத் தி.நகர் போயிருந்தோம். விற்பனைப் பெண் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. கேட்டதை எடுத்துப் போட்டாள், அவ்வளவுதான். மேலாளரிடம் சொல்லிவிட்டு வந்தேன். 'அந்தப் பொண்ணு வேலைக்கு உலை வெச்சுட்டீங்க' என்கிறாள் என் மனைவி. நான் செய்தது தப்பா?

ஆர்., வேலூர்

அன்புள்ள ஆர்.,

தப்புதான்.

கேட்டதை எடுத்துப் போட்டாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சம்பளம் அதற்குத்தான். சிரிப்பு, சம்பளச் சீட்டில் வராத இன்னொரு வேலை. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷில்ட் 1983இல் இதை 'உணர்ச்சி உழைப்பு' என்று எழுதினார். டெல்டா என்ற அமெரிக்க விமான நிறுவனம் தன் பணிப்பெண்களுக்கு நடத்திய பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்தவர். விமானத்தை உங்கள் வீட்டுக் கூடமாக நினையுங்கள், கத்துகிற பயணியைக் குழந்தையாக நினையுங்கள் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். உதட்டளவில் சிரித்தால் போலி என்று உறுத்தும். உள்ளேயிருந்தே வரவழைத்துப் பழகினால், எது தன் சிரிப்பு என்பதே மறந்துபோகும். இரண்டாவதுதான் எனக்குப் பயம். (அதே ஆய்வில் கடன் வசூல்காரர்களும் வருகிறார்கள். முகத்தைக் கடுகடுவென்று வைத்திருப்பதுதான் அவர்களுக்கு வேலை!)

ஒருமுறை அக்காவுடன் ஜவுளிக்கடையில் இருந்தபோது, பக்கத்துக் குடும்பம் நாற்பது புடவையாவது பிரிக்கச் சொல்லியிருக்கும். 'பார்டர் இன்னும் கொஞ்சம் சின்னதா...' கடைசியில் எதுவும் எடுக்காமல் எழுந்துவிட்டார்கள். 'பரவால்லக்கா, அடுத்த தடவ வாங்க' என்று அந்தப் பெண் சிரித்தாள். அவர்கள் லிஃப்டுக்குள் போனதும் முகத்தில் ஒன்றுமில்லை. ஒரு பாதத்தால் மற்றக் காலின் கெண்டைச் சதையைத் தேய்த்துக்கொண்டே மடிக்க ஆரம்பித்தாள்.

நமக்கும் இதில் நஷ்டம் உண்டு. போகிற கடையிலெல்லாம் ஒரே சிரிப்பு கிடைத்துப் பழகி, சாதாரண முகமே மரியாதைக் குறைவாகப் படுகிறது. அந்தக் கால மளிகைக் கடை அண்ணாச்சி சிரித்தா வியாபாரம் செய்தார்? கடன் நோட்டைப் புரட்டிக்கொண்டே முறைப்பார். நாம் கோபித்துக்கொண்டு போனதில்லை. அவரே முதலாளி, முகம் அவர் இஷ்டம்.

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டத்தைத் திருத்தின. காலுக்கு வந்த சட்டம் முகத்துக்கு வரப்போவதில்லை. ஆனால் கால் கடுக்கும்போது முகம் எங்கே சிரிக்கும்?

ரவிக்கைத் துணி, வேட்டி என்று எப்படியும் இன்னொரு நடை அந்தக் கடைக்குப் போவீர்கள். அந்தப் பெண் நிற்கிற இடத்தில் ஒரு ஸ்டூலாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேலாளரிடம் அதைச் சொல்லுங்கள், பழைய புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு.