மூன்று மில்லிமீட்டர் இடைவெளியும் ஒரு சைலன்சரும்

கேள்வி: என் பழைய பெட்ரோல் காரின் பின் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததால், சென்ற வாரம் உதிரிபாகக் கடையில் மாடலைச் சொல்லிப் புதியது வாங்கினேன், பில்லிலும் மாடல் பெயர் இருக்கிறது. வண்டியின் நடுக்குழாய்க்கு வெளிவிட்டம் 42 மி.மீ.; புதிய சைலன்சர் வாயின் உள்விட்டமோ 45 மி.மீ. தகரத்தைச் சுற்றிச் செருகி கிளாம்ப் போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார். நான் என்ன செய்யலாம்?

பதில்: பட்டறைக்குப் போகுமுன், பில்லையும் பொருத்தாத சைலன்சரையும் எடுத்துக்கொண்டு கடைக்கே மீண்டும் செல்லுங்கள். உங்கள் மாடலுக்கு உரியது என்று சொல்லி விற்ற பொருள் அதில் பொருந்தவில்லை என்றால் அது குறைபாடுள்ள பொருளே. அத்தகைய பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. கடைக்காரர் அப்போதும் மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். ஆனால் குழாயை அறுத்தோ வெல்டிங் வைத்தோ விட்டால் உங்கள் வாதம் வலுவிழந்துவிடும்; ஆகவே அதுவரை யாரையும் அதில் கைவைக்க விடாதீர்கள்.

மாற்றுப் பொருள் கிடைக்காமல் இதையேதான் பொருத்த வேண்டும் என்றால், தகரம் மட்டும் வேண்டவே வேண்டாம். அது சில மாதங்களிலேயே சூட்டிலும் ஈரத்திலும் அரித்துப்போகும். அந்த இடுக்கின் வழியாகக் கசியும் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை என்பதால், அது டிக்கி இடுக்குகள் வழியே உள்ளே வந்தாலும் பின்னிருக்கையில் தூங்கும் குழந்தைக்குத் தெரியாது. கிளாம்பை எவ்வளவு முறுக்கினாலும் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி மூடாது, குழாய்தான் நசுங்கும்.

சரியான வழி, இரு குழாய்களுக்கும் இடையே செருகும் ஸ்லீவ் என்ற உலோக உறையை லேத் பட்டறையில் கடைந்து வாங்குவது. விட்டத்தில் 3 மி.மீ. வித்தியாசம் என்றால் சுற்றிலும் ஒன்றரை மி.மீ. இடைவெளி, ஆகவே ஒன்றரை மி.மீ.க்குச் சற்றே குறைந்த கனமுள்ள ஸ்லீவ், இரு பக்கமும் மயிரிழைத் தளர்வோடு நுழையும். நடுக்குழாய் சைலன்சர் வாய்க்குள் 40 மி.மீ. அளவுக்காவது செல்ல வேண்டும். எஞ்சின் பக்கக் குழாய் உள்ளேயும் பின்பக்கக் குழாய் வெளியேயும் அமைவதுதான் முறை. அப்போதுதான் புகை இணைப்பின் விளிம்பில் மோதாமல் நேரே பின்னால் போகும். நல்லவேளையாக உங்கள் வண்டியில் அது அப்படியே அமைந்திருக்கிறது. ஸ்லீவை நடுக்குழாயோடு சுற்றிலும் வெல்டிங் வைத்துவிட்டு, சைலன்சர் பக்கத்துக்கு மட்டும் கசிவை அடைக்கும் சைலன்சர் பேஸ்ட் தடவி கிளாம்ப் போடச் சொல்லுங்கள். அடுத்த முறை சைலன்சரை மாற்றும்போது அறுக்க வேண்டியிராது. வெல்டிங் வைக்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்ல மறவாதீர்கள். ரப்பர் மாட்டிகளில் சைலன்சரைத் தொங்கவிட்டு, தரைத்தகட்டில் எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகே கிளாம்பை இறுக்க வேண்டும்.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு, வண்டி ஆறியிருக்கும்போது கீழே குனிந்து இணைப்பைப் பாருங்கள். விளிம்பில் கரிக்கோடு தெரிந்தால் அங்கே கசிகிறது என்று பொருள். உடனே கழற்றி மீண்டும் பொருத்தச் சொல்லுங்கள்.