புது மின் இணைப்பு தாமதமானால் இழப்பீடு உண்டா? கேள்வி பதில்

பத்து வருடமாக எங்கள் ஊரில் மின் நுகர்வோருக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். வக்கீல் இல்லை, விதிப் புத்தகத்தைப் பொறுமையாகப் படிக்கிறவன், அவ்வளவுதான். போன வாரம் புது சர்வீஸ் தாமதம் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

சார், சென்னையில் வீடு கட்டிப் பணமெல்லாம் கட்டி 40 நாள் ஆயிற்று. கம்பம் வாசலிலேயே இருக்கிறது. கேட்டால் ‘மீட்டர் ஸ்டாக் இல்லை’ என்கிறார்கள். நஷ்டஈடு கிடைக்குமா?

கிடைக்கும். தொகையைக் கேட்டுக் கோபப்படாதீர்கள். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, சேவையில் தவறினால் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. அதன்படி தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2004இல் போட்ட விதியில், புது இணைப்பு தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய், அதிகபட்சம் 1000 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்து நாளில் உச்சம் தொட்டுவிடும். பதினோராவது நாளிலிருந்து எத்தனை மாதம் இழுத்தாலும் அலுவலகத்துக்குக் கூடுதல் செலவு கிடையாது. கட்டுமான வேலைக்கு வாங்கிய, கட்டணம் அதிகமான தற்காலிக இணைப்பில் இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தால், இரண்டு மாத பில்லின் வித்தியாசமே அந்த ஆயிரத்தைத் தாண்டிவிடலாம்.

கெடு எவ்வளவு என்று கேட்பீர்கள். 2020 டிசம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த மின் நுகர்வோர் உரிமை விதிகளை 2024 பிப்ரவரியில் திருத்தினார்கள். பெருநகரத்தில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், கிராமத்தில் 15 நாள், மலைப்பகுதிக் கிராமத்தில் 30 நாள். புதிதாகக் கம்பம் நட வேண்டும், டிரான்ஸ்பார்மர் வைக்க வேண்டும் என்றால் கெடு மாதக் கணக்கில் நீளும். உங்களுக்கு அந்தப் பேச்சே இல்லை. மீட்டர் இல்லை என்பது அவர்கள் வீட்டுச் சங்கடம். இன்னொன்று, மீட்டரை நுகர்வோரே வாங்கித் தர 55ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ‘ஏற்கப்பட்ட மீட்டர் எது என்று சொல்லுங்கள், நானே வாங்கி வருகிறேன்’ என்று எழுதிக் கொடுங்கள். நான் பார்த்தவரை, இப்படி ஒரு கடிதம் போனதும் ஸ்டாக் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

நாள் எப்போதிலிருந்து எண்ணுவது? விண்ணப்பித்த நாளா, பணம் கட்டிய நாளா?

இந்தக் கேள்விக்காகத்தான் இதையெல்லாம் எழுதவே உட்கார்ந்தேன். விண்ணப்பம் எல்லா ஆவணத்தோடும் கட்டணத்தோடும் முழுமையான நாளிலிருந்து எண்ண வேண்டும். ‘முழுமை’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் பாதி மனுக்கள் கவிழ்கின்றன. நீங்கள் ஒரு தேதி சொல்வீர்கள், அவர்கள் ‘அன்றைக்கு ஒயரிங் முடியவில்லையே’ என்பார்கள்.

தையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா பிளாஸ்டிக் கவரில் காகிதங்களோடு வந்தார். ரசீதில் மாதத் தொடக்கத்துத் தேதி. விண்ணப்ப நகலின் ஓரத்தில் வேறு மையில் ‘மெயின் போர்டு தயாரில்லை’ என்று ஒரு வரி. கீழே கையெழுத்தும் இல்லை, தேதியும் இல்லை. நல்லவேளை, வேலை முடித்த எலக்ட்ரீஷியன் மெயின் போர்டைப் படம் எடுத்துக் கூலி கேட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அதில் நாளும் நேரமும் இருந்தன. கூலி பாக்கிக்காக எடுத்த படம்! அதைப் பிரிண்ட் போட்டு மனுவோடு வைத்தோம். மூன்றாம் நாள் மீட்டர் வந்தது. சில மாதம் கழித்து பில்லில் 1000 ரூபாய் கழித்திருந்தார்கள். அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு எனக்குக் காட்டிவிட்டுப் போனார்.

ஆகவே வேலை முடிந்த அன்றே போர்டையும் எர்த்தையும் படம் எடுத்து, ‘இணைப்புக்குத் தயார்’ என்று நாலு வரிக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். என்ன குறை என்று வாயால் சொன்னால், எழுதிக் கேளுங்கள்.

சட்டத்தில் ஒரு நாளுக்கு 1000 ரூபாய் என்று படித்தேனே. நீங்கள் 100 என்கிறீர்களே அண்ணா?

தம்பி படித்தது 43ஆம் பிரிவு. விண்ணப்பம் வந்து ஒரு மாதத்துக்குள் மின்சாரம் தர வேண்டும், தவறினால் நாளுக்கு 1000 ரூபாய் வரை என்று அதில் இருப்பது உண்மைதான். ஆனால் அது தண்டம். உங்கள் கைக்கு வரும் இழப்பீடு அல்ல. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போடும் அபராதம் அடிபட்ட பையன் சட்டைப்பைக்கு வருமா? அந்த மாதிரி. இரண்டும் தனித்தனி என்பதால் மனுவில் இரண்டையும் கேட்கலாம். கேட்பதில் தப்பில்லை.

அப்பா விவசாய இணைப்புக்குப் பதிந்து எட்டு வருடம். அதற்கும் 100 ரூபாய்க் கணக்கு உண்டா?

இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை, ஆனால் இல்லை. இலவச மின்சாரம் பெறும் விவசாய இணைப்புகள் பதிவு மூப்புப்படியும் அரசு அறிவிக்கும் எண்ணிக்கைப்படியும் தரப்படுகின்றன. 2021இல் ஒரே ஆண்டில் ஒரு லட்சம் இணைப்பு என்று அரசு அறிவித்தது அப்படித்தான். வரிசையில் உங்கள் எண் இன்று எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உங்களுக்குப் பின்னால் பதிந்தவருக்கு அதே பிரிவில் முன்னால் கிடைத்திருந்தால், அதற்குப் பெயர் தாமதம் இல்லை, மூப்பு மீறல். மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்குக் கொண்டுபோக வலுவான விஷயம் அது.

வாடகைக் கடை. உரிமையாளர் தடையில்லாச் சான்று தர மறுக்கிறார். அதனால் விண்ணப்பத்தையே வாங்கவில்லை.

2022இல் உச்ச நீதிமன்றம், உரிமையாளர் சான்று தரவில்லை என்பதற்காக மின்சாரத்தை மறுக்க முடியாது, விண்ணப்பித்தவர் அந்த இடத்தில் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்லியிருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தை வைத்து விண்ணப்பியுங்கள். ஆனால் அந்தக் கடையில் பழைய மின் கட்டணப் பாக்கி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முந்தையவர் வைத்த பாக்கியைப் புதிதாக இணைப்பு கேட்பவரிடம் கேட்கலாம் என்று 2023இல் அதே நீதிமன்றம் சொன்னது.

பக்கத்து வீட்டுக்காரர் அவர் இடத்துக்கு மேலே ஒயர் போக விடமாட்டேன் என்கிறார்.

அதை அலுவலகத்தின் தாமதமாகக் காட்டுவது கஷ்டம். ஆட்சேபம் வந்தால் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி கேட்டு அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை. அனுப்பினார்களா என்று விடாமல் கேளுங்கள்.

எங்கே புகார் செய்வது? பகைத்துக்கொண்டால் நாளைக்கு ஃபியூஸ் போனாலும் வரமாட்டார்களே?

முதலில் உங்கள் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். அதன் தலைவர் அதே வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளர். மாமியார் வழக்குக்கு மாமனார் நாட்டாமை என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. எனக்கும் அதில் வருத்தம்தான். ஆனால் அங்கே போகாமல் அடுத்த படி ஏற முடியாது. அடுத்த படி சென்னையில் இருக்கும் மின் குறைதீர்ப்பாளர். அவர் அந்த வட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் இல்லை. இழப்பீடு நிர்ணயித்தால் 90 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம்.

பயத்தைப் பொறுத்தவரை, லைன்மேன் மேல் புகார் எழுதாதீர்கள். மழையில் கம்பம் ஏறுகிறவர் அவர்; உங்கள் கோப்பு நிற்பது அவர் மேஜையில் இல்லை.

ஆயிரம் ரூபாய் எந்த மூலைக்கு? மூன்று மாதம் மாவு மில் ஓடவில்லை.

அப்படியானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிழைப்புக்காக நீங்களே நடத்தும் மில் என்றால் நீங்களும் நுகர்வோர்தான். பெரிய வியாபாரத்துக்கு அந்தக் கதவு திறக்காது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. நஷ்டத்தைத் தோராயமாகச் சொல்லாதீர்கள். டீசல் ஜெனரேட்டர் வாடகை ரசீது, மில்லுக்குக் கொடுத்த வாடகை, கடன் தவணைச் சீட்டு எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் உட்கார்ந்து எழுதிவிடலாம்.