பூவுக்கு வரும் பெரிய குளவி

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பூக்களில் சில நாட்களாக ஒரு பெரிய குளவி வந்து உட்காருகிறது. ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நீளம். உடம்பெல்லாம் கறுப்பு ரோமம், வயிற்றில் மஞ்சள் புள்ளிகள். வெயில் பட்டால் இறக்கை நீலமாக மின்னுகிறது. இது என்ன குளவி? என்ன மருந்து அடித்தால் சாகும்?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் விட்டுவிடுங்கள். இன்னதென்று தெரியாத ஒரு உயிரை எப்படிக் கொல்வது என்று கேட்பது சரியில்லை. ஆனால் நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். ரோமம், மஞ்சள் புள்ளி, நீல மினுமினுப்பு மூன்றையும் சொன்னதால்தான் பதில் சொல்ல முடிகிறது. இது பெரும்பாலும் ஸ்கோலியா வகைக் குளவி.

இன்னும் சந்தேகம் என்றால் அது உட்காரும்போது பாருங்கள். கூட்டமாகக் கூடு கட்டி வாழும் குளவிகள் இறக்கையை நீளவாக்கில் மடித்துக்கொள்ளும், ஸ்கோலியா மடிக்காது. இறக்கை நுனியில் மெல்லிய சுருக்கக் கோடுகள் தெரியும். அப்புறம், பூவை விட்டு எழுந்ததும் தரையை ஒட்டித் தாழ்வாகச் சுற்றும்.

சும்மா சுற்றவில்லை. மண்ணுக்குள் இருக்கும் வண்டுப் புழுக்களைப் பெண் குளவி தேடுகிறது. செடியின் வேரைக் கடித்துத் தின்னும் அந்தத் தடித்த வெள்ளைப் புழுக்கள்தான். மண்ணைத் தோண்டி இறங்கி, புழுவைக் கொட்டி அசையாமல் செய்து, அதன் மேல் ஒரு முட்டை இடும். பொரிந்து வரும் குஞ்சுக்கு அந்தப் புழுவே சாப்பாடு. வளர்ந்த குளவிக்கோ பூந்தேன் போதும். கரும்பு வேரைத் தின்ற வண்டுப் புழுக்களைக் கட்டுப்படுத்த, 1910களில் பிலிப்பைன்ஸிலிருந்து இந்த வகைக் குளவியைத் தேடிப் பிடித்து ஹவாய்க்குக் கொண்டுபோனார்கள். உங்களுக்கு அது தானாகவே வந்திருக்கிறது. நீங்கள் மருந்தைத் தேடுகிறீர்கள்! பூவில் அடிக்கும் மருந்து தேனீயையும் சேர்த்துக் கொல்லும்.

கொட்டாதா? ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. வயிற்று நுனியில் 3 முட்கள் இருக்கும். குத்துவது போலத் தோன்றும், விஷம் இல்லை. பெண் கொட்டும், ஆனால் கையால் பிடித்தால், நசுக்கினால்தான். காக்க வேண்டிய கூடு அதற்கு இல்லை, அதனால் துரத்தி வராது.

ஒரே பொந்துக்குள்ளோ மரக்கிளைக் கூட்டுக்குள்ளோ பல குளவிகள் போவதும் வருவதுமாக இருந்தால் மட்டும் விஷயம் வேறு. அது கூட்டுக்குளவி. கிட்டே போகாமல், பயிற்சி பெற்றவர்களை அழையுங்கள்.