மயக்க மருந்தும் கார்ட்டிசாலும்: இதய அறுவை சிகிச்சை பற்றிய கேள்வி பதில்

பதிலளிப்பவர்: இதய அறுவை அரங்கில் பணிபுரியும் மயக்கவியல் மருத்துவர்

செவிலியர் படிப்பு மாணவி: ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவருக்கு வலியும் அச்சமும் தெரியாது அல்லவா? பிறகு ஏன் அழுத்த ஹார்மோன்கள் கூடுகின்றன, டாக்டர்?

நினைவு மறைந்தாலும் உடல் விழித்தே இருக்கிறது. மார்பெலும்பைப் பிளக்கும்போது எழும் நரம்புச் செய்திகள் தண்டுவடம் வழியாக மூளையிலுள்ள ஹைப்போதலாமஸை எட்ட, அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஆணைப்படி, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியின் புறணி கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோனைச் சுரக்கிறது. பரிவு நரம்புகளின் தூண்டலால் அட்ரினலினும் நார்அட்ரினலினும் பெருகுகின்றன. இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையை ஏற்கும் இதய-நுரையீரல் இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அதன் குழாய்களை நிரப்பியிருந்த திரவம் இரத்தத்தோடு கலந்து நீர்க்கச் செய்வதால், மொத்தக் கார்ட்டிசால் சிறிது நேரம் இறங்கியதுபோல் தோன்றும். அதே வேளையில், நார்அட்ரினலினின் ஒரு பகுதியை வழக்கமாக அகற்றும் நுரையீரல், இரத்தச் சுற்றோட்டத்திலிருந்து விலக்கப்படுவதால், அந்த ஹார்மோன் மேலும் ஏறுகிறது.

முதுநிலை மாணவர்: மயக்கத்தைத் தொடங்கி வைக்கும் ஊசி மருந்தான எட்டோமிடேட்டை ஒரே மூச்சில் புகழவும் செய்கிறார்கள், எச்சரிக்கவும் செய்கிறார்கள். ஏன்?

இரண்டுக்கும் காரணம் உண்டு. கிலோவுக்கு 0.2 முதல் 0.3 மில்லிகிராம் கொடுத்தால் ஒரு நிமிடத்துக்குள் மயக்கம் வந்துவிடும். இரத்த அழுத்தமோ இதயத்தின் சுருங்கும் ஆற்றலோ பெரிதாகக் குறையாது. ஆனால் அதன் மூலக்கூறிலுள்ள இமிடசோல் வளையம், கார்ட்டிசால் உருவாக்கத்தின் கடைசிப் படியை நடத்தும் 11-பீட்டா ஹைட்ராக்சிலேஸ் நொதியின் இரும்பைப் பற்றிக்கொண்டு அதை முடக்குகிறது. மயக்குவதற்குத் தேவைப்படும் செறிவைவிட மிகக் குறைந்த செறிவே இதற்குப் போதும். ஆகவேதான் மயக்கம் சில நிமிடங்களில் தெளிந்துவிடும் அளவுள்ள ஒரே ஊசி, அட்ரீனலை 6 முதல் 24 மணி நேரம் வரை, கடுமையாக நோயுற்றவர்களில் அதற்கும் மேலாகவும், அடக்கி வைக்கிறது. 1983இல், தீவிர சிகிச்சைப் பிரிவில் இதைத் தொடர்ந்து செலுத்தப்பட்ட விபத்து நோயாளிகளிடையே இறப்பு கூடியதாக வெளியான செய்தியே மருத்துவ உலகை இதன்பால் திரும்பிப் பார்க்க வைத்தது. அதன்பின் தொடர் செலுத்துதல் கைவிடப்பட்டது; ஒற்றை ஊசி குறித்த விவாதம் இன்றும் ஓயவில்லை.

ஒரு நோயாளியின் மகள்: அப்பாவின் இதயம் மிகவும் பலவீனமாக இருப்பதால் இந்த மருந்தைக் கொடுப்பார்களாம். அழுத்த ஹார்மோன் குறைவது நல்லதுதானே?

இந்த இடத்தில்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், அம்மா. ஃபென்டனில் போன்ற வலிநீக்கிகள் போதிய அளவில் கொடுக்கப்படும்போது, மூளைக்குச் செல்லும் வலிச் செய்தியே தணிவதால் கார்ட்டிசால் குறைகிறது. எட்டோமிடேட்டில் செய்தியும் போகிறது, ஆணையும் வருகிறது, சுரப்பியால்தான் கீழ்ப்படிய முடிவதில்லை. பிட்யூட்டரி ஹார்மோன் உயர்ந்தும் கார்ட்டிசால் தாழ்ந்தும் நிற்கும் அந்த நிலையை நிம்மதி என்று நான் ஒருபோதும் கொள்ளமாட்டேன். இரத்தக் குழாய்கள் நார்அட்ரினலினுக்குச் சரிவர இணங்கக் கார்ட்டிசால் தேவை. எனினும், மயக்கம் தொடங்கும் அந்தச் சில நிமிடங்களில் இரத்த அழுத்தம் சரிந்தால் உங்கள் தந்தையின் இதயத்துக்கு நேரக்கூடிய ஆபத்து உடனடியானது. அதைத் தவிர்க்க இம்மருந்தைத் தேர்வது நியாயமான முடிவே. அறுவைக்குப் பின் இரத்த அழுத்தம் தாழ்ந்து மருந்துக்கு இணங்காமல் நின்றால், இந்த ஊசியையும் மருத்துவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

முதுநிலை மாணவர்: மயக்கம் தொடங்கும் மற்ற மருந்துகள்?

புரோபோஃபாலும் தயோபென்டோனும் அந்த நொதியை இவ்வாறு முடக்குவதில்லை, ஆனால் இரத்த அழுத்தத்தை இறக்குகின்றன. மெதுவாக, குறைந்த அளவில் செலுத்துவது இதற்காகவே. கீட்டமின் பரிவு நரம்புகளைத் தூண்டி நாடித்துடிப்பைக் கூட்டுவதால், இதயத் தமனியில் அடைப்பு உள்ளவர்களுக்கு அதைத் தனியாகக் கொடுக்க நான் தயங்குவேன்.

நீண்ட நாள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்: அறுவைக்கு முன் நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தவே கூடாது. அந்த மாத்திரையால் உங்கள் அட்ரீனல் ஏற்கெனவே உறங்கிக் கிடக்கலாம். அறுவையின்போது கூடுதல் ஹைட்ரோகார்ட்டிசோன் (மருந்தாகக் கொடுக்கப்படும் கார்ட்டிசால்) தேவைப்படக்கூடும் என்பதால், மயக்கவியல் மருத்துவரிடம் மருந்தின் பெயர், அளவு, எத்தனை மாதங்களாக எடுக்கிறீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

செவிலியர் படிப்பு மாணவி: அப்படியானால் எல்லோருக்குமே ஸ்டீராய்டு கொடுத்துவிடலாமே?

அழற்சியைத் தணிக்கும் நோக்கில் அதைச் சோதித்துவிட்டார்கள். 2012இல் டெக்சாமெத்தசோனை சுமார் 4,500 பேரிடமும், 2015இல் மெத்தில்பிரெட்னிசோலோனை சுமார் 7,500 பேரிடமும் ஆராய்ந்த பெரிய ஆய்வுகள், எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுப்பதால் இறப்பு குறைவதாகக் காட்டவில்லை. மேலும், ஸ்டீராய்டு இரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது. ஆகவே, கார்ட்டிசால் குறைபாட்டின் அறிகுறி தெரியும் நோயாளிக்கு மட்டும் ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுப்பதையே நான் பின்பற்றுகிறேன்.